காற்றுத் துப்பாக்கியின் விசை: துப்புரவும் சீராக்கலும்

குறி தவறியவுடன் துப்பாக்கியைப் பழிப்பது மனித இயல்பு. குழல் வளைந்ததோ, குண்டு பழுதுற்றதோ, கண்தான் மங்கியதோ என்றெல்லாம் ஐயுறுவோர், தம் விரல் நுனியில் அமைந்த சிறியதோர் உறுப்பை நினைப்பதில்லை. அதுவே விசை. குறிபார்த்தல் எத்துணைச் செம்மையாயினும், விசை கரடுமுரடாக இழுபடுமாயின் கடைசிக் கணத்தில் கை அசைந்துவிடும். பத்து மீற்றர் தூரக் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்றது. அப்போட்டியின் இலக்கில் இன்று பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றரே. விரலின் சிறு நடுக்கமும் அங்கே தோல்வியாக முடிவதில் வியப்பில்லை.

விசையைத் துப்புரவு செய்ய விரும்புவோர் முதலில் அதன் தொழிலை அறிதல் வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு உதவும் துப்பாக்கிகளிற் பல சுருள்வில்லால் இயங்குவன. குழலை மடித்து இழுக்கும்போது உருளையினுள் இருக்கும் முசலம் பின்னோக்கிச் சென்று, வலிய சுருள்வில்லை அமுக்குகிறது. அமுங்கிய வில் விரியாதவாறு ஒரு கொளுக்கி முசலத்தின் தண்டைப் பற்றிக்கொள்கிறது. விசை இழுபட்டதும் கொளுக்கி நழுவுகிறது, வில் விரிகிறது, முசலம் முன்னே பாய்கிறது, நெருக்குண்ட காற்று ஈயக் குண்டை வெளியே தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு நீங்குமுன்னரே முசலத்தின் பாய்ச்சல் துப்பாக்கியை அசைக்கத் தொடங்கிவிடும். ஆகவே விசையிழுப்பால் உண்டாகும் குலுக்கமும் அதனுடன் சேருமாயின் குறி தப்புவது உறுதி.

இத்துணை வலிய வில்லை ஒரே கொளுக்கி தாங்கி நிற்க, அதனை விரல் நேரே விடுவிக்க வேண்டுமாயின் பெரும் பலம் வேண்டும். இதனாலேயே தேர்ந்த கைவினைஞர் ஒன்றன்பின் ஒன்றாக நெம்புகளை அமைத்தனர். ஜேர்மனியில் மெல்ரிக்ஸ்ராட் என்னும் ஊரிலுள்ள வைராக் நிறுவனத்தாரின் ‘ரெக்கோர்ட்’ விசை இதற்கு நல்ல உதாரணம். அதில் விசை இரு நிலைகளில் இழுபடும். முதல்நிலையில் விசை இலகுவாகப் பின்னே வந்து ஓரிடத்தில் தடைப்படும். அத்தடையை உணர்ந்த வீரர் குறியைச் சரிபார்த்து, மேலும் சிறிது அழுத்துவாராயின் வில் விடுபடும். அவ்விடத்தில் விசை கண்ணாடிக் கோல் முறிவதுபோலச் சட்டென விடுபடுமாயின் அது நல்ல விசை. இழுபட்டு ஊர்ந்து செல்லுமாயின் அதற்குக் கவனிப்பு வேண்டும்.

ஊர்ந்து செல்வதற்குப் பெரும்பாலும் காரணம் அழுக்கே. பழைய எண்ணெய் காலப்போக்கில் பிசின்போல் இறுகி, தூசியையும் ஈயத்துகளையும் பற்றிக்கொள்கிறது. உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்றில் பூச்சற்ற உருக்கு விரைவில் துருவேறும்.

துப்புரவு தொடங்குமுன் இரண்டு சோதனைகள் இன்றியமையாதன. முதலாவது, குழலினுள் குண்டு இல்லை என்பதைத் துப்புரவுக் கோலைச் செலுத்தி உறுதிசெய்தல். இரண்டாவது, வில் அமுங்கிய நிலையில் இல்லை என்பதை அறிதல். குழலை மெல்ல மடிக்கும்போது வில்லின் எதிர்ப்புத் தோன்றினால் வில் தளர்ந்துள்ளது. எதிர்ப்பின்றிக் குழல் தொங்கி ஆடினால் வில் அமுங்கியுள்ளது. அமுங்கிய வில்லுடைய துப்பாக்கியில் எந்தத் திருகாணியையும் தொடுதல் கூடாது.

அதன்பின், கட்டையின் முன்புறத்து இருபக்கத் திருகாணிகளையும் விசைக்காப்பு வளையத்தின் திருகாணிகளையும் கழற்றினால் இயந்திரம் மரத்திலிருந்து பிரியும். ரெக்கோர்ட் விசைக்கூடு இரண்டு ஊசிகளால் பொருத்தப்பட்டுள்ளது; அவற்றைத் தள்ளிவிட்டால் கூடு முழுவதாக வெளிவரும். அப்போது காவற்பூட்டின் சிறு வில்லும் பொத்தானும் துள்ளி விழுந்து காணாமற் போகாதவாறு கையால் மூடிக்கொள்ளல் வேண்டும். வேறு சில வகைகளிலோ இத்தகைய ஊசிகளே பெரிய சுருள்வில்லின் அழுத்தத்தையும் தாங்கி நிற்கும். அவற்றைத் தட்டினால் பின்பகுதி எறிகணைபோல் வெளிப்பட்டு முகத்தைத் தாக்கலாம். தம் துப்பாக்கியின் அமைப்பை அறியாதோர் ஊசியில் கைவையாமல் நிற்பதே அறிவுடைமை.

வெளியெடுத்த கூட்டின் உறுப்புகளைப் பிரித்துப் போடுதல் தேவையற்றது. மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பற்றூரிகையால் அழுக்கைத் தேய்த்துக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, நன்கு உலரவிட்டாற் போதும். அருகில் நெருப்பு இருத்தல் ஆகாது. உலர்ந்தபின் நெம்புகளின் அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு துளியும், கொளுக்கிகள் தம்முள் உராயும் முகங்களுக்கு மொலிப்டினம் கலந்த கிரீசு ஊசிமுனையளவும் இடுதல் நன்று. மிகுதியான எண்ணெய் மீண்டும் தூசியைச் சேர்க்கும். அது காற்றுருளையினுள் கசியுமாயின் மற்றொரு கேடும் உண்டு. நெருக்குண்ட காற்றின் வெப்பத்தால் டீசல் இயந்திரத்தில் எரிபொருள் தீப்பற்றுவதுபோல, அவ்வெண்ணெயும் உருளையினுள் தீப்பற்றி வெடித்து வில்லையும் முசலத்தின் அடைப்பையும் கெடுத்துவிடும்.

கொளுக்கியின் முகத்தை அரத்தால் தேய்த்து மினுக்கினால் விசை இலகுவாகும் என்று நம்புவோர் உளர். இது பெரும் பிழை. இவ்வுறுப்புகளின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அம்மெல்லிய படை அரத்தால் நீங்கினால் உள்ளிருக்கும் மென்மையான உருக்கு விரைவில் தேயும். முதல் வாரத்தில் இனிமையாக இயங்கிய விசை, சில மாதங்களில் தொடாமலே விடுபடத் தொடங்கும்.

இழுவைப் பாரத்தைச் சீராக்குவதற்கு விசையின் பின்னால் ஒரு திருகாணி உண்டு. இடஞ்சுழியாகத் திருப்பினால் பாரம் குறையும். வலஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். ஒரு முறைக்குக் காற்சுற்றுக்கு மேல் திருப்பாமல், திருப்பிய அளவைக் குறித்துவைத்தல் முறை. கொளுக்கிகள் ஒன்றையொன்று பற்றும் ஆழத்தை ஆளும் மற்றைச் சிறு திருகாணியைத் தொழிற்சாலையார் வைத்தவாறே விட்டுவிடுதல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கையின் காரணம் வெளிப்படை. குண்டிடும்போது குழல் மடிந்திருக்க, விரல்கள் அதன் வாயருகே இருக்கும். பற்று ஆழங் குறைந்த கொளுக்கி அக்கணத்தில் நழுவினால், குழல் கதவுபோல் அறைந்து மூடி விரலை நசுக்கும், துண்டிக்கவுங் கூடும். ஆதலால் விசை எத்துணை நம்பிக்கைக்குரியதாயினும், குண்டிடும் வேளையில் மற்றைக் கை குழலை உறுதியாகப் பற்றியிருத்தல் வேண்டும்.

யாவும் பொருத்தியபின் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. குண்டின்றிச் சுட்டால் முசலம் உருளையின் முனையில் மோதிப் பழுதுறும். எனவே குண்டிட்டு, குழலை மூடி, தகுந்த குண்டுதாங்கியை நோக்கிப் பிடித்து, காவற்பூட்டை நீக்கி, விரலை விசைக்கு வெளியே வைத்துக்கொண்டு, கட்டையை ரப்பர்ச் சுத்தியலால் சில முறை தட்டிப் பார்த்தல் வேண்டும். துப்பாக்கி தானே வெடிக்குமாயின் விசை இன்னும் அபாயமானது. அதனைத் தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். வெடிக்கவில்லையெனின், விசையின் நடுவில் வில்தராசைக் கொளுவி இழுத்துப் பாரத்தை அளக்கலாம். போட்டிவீரரின் துப்பாக்கிகளில் அது சில பத்துக் கிராம்களாகவும் இருப்பதுண்டு. வீட்டுத் துப்பாக்கிக்கு அரைக் கிலோகிராமுக்குக் குறையாதிருப்பதே நலம்.

வேலை முடிந்ததும் துப்பாக்கியின் வில்லைத் தளர்ந்த நிலையில் விட்டு, சிறுவர் கைக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும். துப்புரவான விசை சிறு விரலுக்கும் எளிதில் இணங்கும் என்பதை வீட்டிலுள்ள பெரியோர் மறத்தலாகாது.