புதுத் துண்டு ஏன் ஈரத்தை இழுப்பதில்லை?

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்துத் தறியில் ஓடிய துண்டு ஒன்றைப் புதிதாக வாங்கித் தலை துவட்டிப் பாருங்கள். தொட்டால் மெத்தென்றிருக்கும். ஈரம் மட்டும் முடியிலேயே நிற்கும். நாலைந்து தரம் துவைத்த பிறகுதான் அது துண்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்யும். துணி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. குற்றம் நூலில் இல்லை. பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கச் சைசிங் மில்லில் ஏற்றிய கஞ்சி கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், சாயப்பட்டறையில் கடைசித் தொட்டியில் சேர்க்கிற சாஃப்ட்னர். கடையில் கை வைத்துப் பார்த்தவுடன் பிடித்துப்போக வேண்டுமே!

அந்தச் சாஃப்ட்னர் வகைப் பொருளைக் கைக்குட்டை அளவில் ஒரு நெய்யாத பாலியஸ்டர் துணியில் பூசி விற்பதுதான் டிரையர் ஷீட். அடுக்குமாடி வீடுகளில் துவைத்து உலர்த்தியும் தருகிற மெஷின்கள் நுழைந்த பின் இதுவும் நம்மூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. துணிகளோடு ஒரு தாளை டிரையருக்குள் போட்டால், சூட்டில் பூச்சு இளகித் துணி முழுக்கத் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான கான்ராட் கெய்சர். 1969இல் காப்புரிமை கிடைத்தது. அவர் தீர்க்கப் பார்த்தது ஒரு சில்லறைத் தொல்லைதான், ஆனால் அதற்குள் நல்ல வேதியியல் இருக்கிறது. சலவைத் தூளில் அழுக்கை எடுக்கும் மூலக்கூறு எதிர் மின்னூட்டம் கொண்டது. சாஃப்ட்னரின் மூலக்கூறு நேர் மின்னூட்டம் கொண்டது. இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்துபோகும். அழுக்கும் போகாது, மென்மையும் வராது. அதனால் கடைசி அலசல் எப்போது வரும் என்று காத்திருந்து ஊற்ற வேண்டியிருந்தது. தாளாகிவிட்டால் அலசல் முடிந்து, உலர்த்தும்போது போட்டால் போதும்.

துணியில் அது செய்வது இதுதான். ஈரப் பருத்தி இழை எதிர் மின்னூட்டம் உடையது. சாஃப்ட்னர் மூலக்கூறின் தலை அதில் போய் ஒட்டும்; நீண்ட கொழுப்பு வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இழையும் இழையும் உரசாமல் வழுக்கும், கைக்கு மெத்தென்று படும். ஆக, நாம் மென்மை என்று தடவிப் பார்ப்பது ஒரு கொழுப்புப் படலத்தை. நெடுங்காலம் இந்தக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பிலிருந்துதான் பெரும்பாலும் வந்தது; இன்று தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கிறார்கள்.

கொழுப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் எப்படி ஊறும்? துண்டு, குழந்தைக்குக் கட்டும் துணி, வியர்வையை இழுக்க வேண்டிய விளையாட்டு பனியன் ஆகியவற்றுக்கு இந்தத் தாள் ஆகாது என்பது இதனால்தான். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய குழந்தை உடைகளுக்கும் கூடாது. அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். டிரையருக்குள் ஈரத்தை அறியும் உலோகப் பட்டையிலும், பஞ்சு பிடிக்கும் வலையிலும் படலம் படிந்து மெஷினின் கணக்கைக் கெடுப்பதும் உண்டு.

வாசனையைப் பற்றித்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஸ்டைனமன் குழு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வாசனை சலவைத் திரவமும் வாசனைத் தாளும் போட்ட டிரையர்களிலிருந்து வெளியேறும் காற்றில் 25க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் இருந்தன. அவற்றில் பென்சீனும் அசிட்டால்டிஹைடும் உண்டு. ஆனால் அது இரண்டே வீடுகளில் செய்த சிறு ஆய்வு. அதை வைத்துக்கொண்டு தாள் போட்டால் புற்றுநோய் என்று கிளப்பிவிடுவது நியாயமில்லை. தோலில் அரிப்போ, மூச்சு இழுப்போ உள்ளவர்கள் வாசனைப் பண்டங்களிலிருந்து விலகியிருப்பது நல்லது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தாளின் இன்னொரு வேலை, துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு சடசடப்பதைத் தடுப்பது. நாமக்கல், சேலம் ஸ்பின்னிங் மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்று காய்ந்தால் நூலில் மின்னூட்டம் தங்கிச் சிக்கலாகும் என்றுதான் உள்ளே நீர்த்திவலை அடித்து ஈரப்பதத்தைக் காக்கிறார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டில், பாலியஸ்டரும் பருத்தியும் டிரையரில் உருண்டு உரசினால் இதே கதை. கொடியில் தொங்கும் துணிக்கு உருளலும் இல்லை, உரசலும் இல்லை.

கொடியில் காய்ந்த துண்டு விறைக்கிறதே என்பீர்கள். போர் தண்ணீரில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து துணியில் படிவது ஒரு காரணம். ஆனால் நல்ல தண்ணீரில் துவைத்தாலும் விறைக்கிறது. ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020இல் இதற்கு விடை தேடின. காய்ந்த பருத்தியிலும் இழைமேல் கொஞ்சம் நீர் ஒட்டியே இருக்கிறது. அசையாமல் காயும்போது அந்த நீர் பசைபோல் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது என்று கண்டார்கள். சாஃப்ட்னர் அந்தப் பிணைப்பைத் தடுக்கிறது. அசைவு அதை உடைக்கிறது. பிழிந்த துண்டை நாலு உதறு உதறிக் காற்று அடிக்கிற பக்கமாகப் போட்டு, எடுக்கும்போது மறுபடி உதறினால் பாதி விறைப்பு போய்விடும்.

ஏற்கெனவே படலம் ஏறிய துண்டா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் படலம் இருக்கிறது. சலவைச் சோடா கலந்த சுடுநீரில் இரண்டு மூன்று தடவை, சாஃப்ட்னர் இல்லாமல் துவைத்தால் இறங்கிவிடும். மழைநாளில் டிரையர் ஓட்டித் தாளும் போட்டே ஆக வேண்டுமென்றால் பாலியஸ்டர் புடவைகளைத் தனி ஈடாகப் போடுங்கள். பாதித் தாள் போதும், துண்டை அந்த ஈட்டில் சேர்க்க வேண்டாம்.