கண்ணாடி காட்டாத இடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. முற்றத்து மாமரத்தின் கீழ் ஒன்று, விறாந்தையின் ஓரத்தில் மற்றொன்று என இரண்டு நிற்கும் வீடுகளும் பல. ஒரு காலத்திலே நிலை இவ்வாறு இருந்ததில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர், பெற்றோல் குடாநாட்டுக்கு வாராது தடைப்பட்டிருந்த ஆண்டுகளிலே, வீதிகள் பெரும்பாலும் துவிச்சக்கர வண்டிகளுக்கே உரியனவாயிருந்தன. சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று, அப்பால் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள்கள் புகை கக்கியவாறு செல்லும். அவற்றின் ஓசை அரைக்கட்டைக்கு அப்பாலே கேட்கும். பின்னால் வருவது யாதென அறியக் கண்ணாடி வேண்டியதில்லை, காதே போதுமாயிருந்தது.

2009 ஆம் ஆண்டின் பின் கண்டி வீதி திறந்தது. காலப்போக்கில் வீதிகள் அகன்றன. ‘லீசிங்’ முறையிலே புது வண்டிகள் ஒழுங்கை தோறும் வந்து சேர்ந்தன. வேகம் வந்துவிட்டது. நமது பழக்கம் மட்டும் துவிச்சக்கர வண்டிக் காலத்திலேயே நின்றுவிட்டது போலும். துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் வலப்பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்ப வேண்டின் என் செய்வார்? கையை நீட்டுவார், திரும்புவார். ஓசை கேளாவிடின் கையை நீட்டாமலே திரும்புவதும் உண்டு. இதே வழக்கத்தை இன்று கைதடியிலும் கொடிகாமத்திலும் மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்துகொண்டு செய்பவரைக் காண்கின்றோம். தலைக்கவசம் காதை மூடியிருக்கின்றது. பின்னால் வரும் புதுக் கார் ஓசையின்றி வருகின்றது. வலப்பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்திலே எத்தனை வீடுகளின் விளக்கு அணைந்திருக்கின்றது என்பதைப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவர்.

கண்ணாடி இருக்கின்றதே எனலாம். இருக்கத்தான் செய்கின்றது, ஆயின் அதனை நாம் நடத்தும் விதத்தைச் சிறிது பார்ப்போம். புது வண்டி வாங்கியதும் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டு செல்கின்றோம். சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து நசிக்கின்றோம். மாலை சூட்டிய பின் ஐயர் இரு கண்ணாடிகளிலும் நடுவாகச் சந்தனம் இட்டுக் குங்குமப் பொட்டும் வைக்கின்றார். மங்கலமான காரியமே, அதனைக் குறை கூறுவார் யார்? ஆனால் அடுத்த ஆயுத பூசை வரையிலும் அப்பொட்டு அவ்விடத்திலேயே காய்ந்து கிடப்பதுதான் வியப்பு. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, பொட்டை எண்ணெய்த் தாங்கியின்மேல் இட்டுக்கொண்டால் பிள்ளையார் கோபிக்கமாட்டார். இளைஞருட் சிலர் அழகு கெடுகின்றதென்று கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, பொலிஸார் நிற்கும் சந்தியை நினைத்து ஒன்றை மட்டும் பூட்டிக்கொள்கின்றனர். பூட்டியதையும் தலைவாருதற்கு ஏற்ற கோணத்திலே திருப்பி வைத்திருப்போர் உளர்.

இனி, கண்ணாடி ஒழுங்காக இருந்தாலும் அது காட்டுவது முழு உண்மையன்று என்பதை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று. மோட்டார் சைக்கிளில் உள்ளவை பெரும்பாலும் தளவாடிகள் அல்ல, குவிவாடிகள். சிறிய கண்ணாடியிலே அகன்ற பரப்பைக் காட்டவேண்டியிருத்தலின் அவ்வாறு செய்கின்றனர். பரப்பு அகலும்போது விம்பம் சிறுக்கின்றது. சிறுத்ததைக் கண் தொலைவிலுள்ளது என்று எண்ணிக்கொள்கின்றது. எவ்வளவு ஏமாற்றம் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கண்ணாடியின் வளைவாரை 1.2 மீற்றர் எனக் கொள்வோம். குவியத் தூரம் அதிற் பாதி, 0.6 மீற்றர். பின்னால் 30 மீற்றர் தொலைவில் 1.5 மீற்றர் உயரமான கார் ஒன்று வருகின்றது. அதன் மாயவிம்பம் கண்ணாடிக்கு உட்புறம் ஏறத்தாழ 0.59 மீற்றரில், 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்துடன் தோன்றும். ஓட்டுபவரின் கண் கண்ணாடியிலிருந்து 0.6 மீற்றர் தள்ளியிருப்பின், தளவாடியில் தெரியக்கூடிய பருமனில் அரைப்பங்கே அவருக்குத் தெரியும். அதாவது, 30 மீற்றரில் வரும் கார் 60 மீற்றரில் வருவது போலத் தோன்றும்.

இதன் பொருள் யாது? வலப்பக்கம் திரும்புவதற்காக அவர் வேகத்தை மணிக்கு 15 கிலோமீற்றராகக் குறைத்திருக்கின்றார். காரோ 55 கிலோமீற்றரில் வருகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 40. விநாடிக்கு 11 மீற்றர். கண்ணாடியை நம்பியவர் தமக்கு ஐந்து விநாடிக்கு மேல் இருக்கின்றதென்று திரும்புகின்றார். உண்மையில் இருப்பது மூன்று விநாடியுங்கூட இல்லை. ‘கண்ணாற் காண்பதும் பொய்’ என்று நம் முன்னோர் கூறியது குவிவாடியைப் பார்த்துத்தானோ என்று நினைக்கத் தோன்றுகின்றது.

வண்டியிலே கண்ணாடி வைக்கும் எண்ணம் உதித்த வரலாறு சுவையானது. இங்கிலாந்திலே மோட்டார் ஓட்டிப் புகழ்பெற்ற டொறத்தி லெவிற் என்னும் பெண்மணி, 1909 ஆம் ஆண்டில் தாம் எழுதிய நூலிலே, காரோட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை உடன் வைத்திருந்து அவ்வப்போது உயர்த்திப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1911 இல், அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் நடந்த 500 மைல் ஓட்டப் போட்டியிலே றே ஹரூன் என்பவர் தமது காரின் முன்புறம் ஒரு கண்ணாடியைப் பொருத்தி ஓட்டி முதலிடம் பெற்றார். ஏனைய கார்களிலே பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்வதற்கென ஓர் உதவியாளரும் அமர்ந்திருந்தார். இவரோ தனியே சென்றார். வேடிக்கை யாதெனில், செங்கல் பதித்த அந்த ஓடுபாதையிலே கண்ணாடி ஓயாது நடுங்கியதால் அதில் தமக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லையென அவரே பின்னாளிற் கூறினாராம். நமது வண்டிகளின் கண்ணாடியும் தண்டின் சுரை தளர்ந்திருந்தால் நடுங்கவே செய்யும். அதனை இறுக்குதற்கு ஒரு சாவியும் ஒரு நிமிடமும் போதும்.

கண்ணாடியைத் திருத்தி வைக்கும் முறையும் கடினமன்று. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஓட்டும் நிலையிலேயே அமர்ந்துகொள்ள வேண்டும். கண்ணாடியின் உள்விளிம்பிலே முழங்கையின் ஓரம் சிறிதளவே தெரியலாம். மிகுதியெல்லாம் வீதியாயிருத்தல் வேண்டும். பலருடைய கண்ணாடியிலே தோளும் சட்டையும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவுதான் திருத்தினாலும் இரு புறத்திலும், தோளுக்குச் சற்றுப் பின்னே, கண்ணாடியிலும் படாத, கடைக்கண்ணிலும் படாத ஒரு துண்டு வெளி எஞ்சும். ஒரு முச்சக்கர வண்டி முழுவதும் அதற்குள் மறைந்திருக்கலாம். அதனைக் காண வழி ஒன்றே: கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்த்தல். பிரித்தானியாவிலே மோட்டார் சைக்கிள் பழக்குவோர் இதற்கு ‘உயிர்காப்பான்’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். 40 கிலோமீற்றர் வேகத்திலே ஒரு விநாடி திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி 11 மீற்றர் முன்னே சென்றுவிடுமாதலால், முன்னே வெளியிருக்கும்போதுதான் அதனைச் செய்யலாம். ஐயம் இருப்பின், இடப்பக்கத்து ஓரத்திலே ஒதுங்கி நின்று, பின்னால் வருவனவற்றையெல்லாம் போகவிட்டு, பின்பு வீதியைக் கடந்து ஒழுங்கைக்குட் செல்லலாம். நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூசுவோர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

நம்முடைய மறைவிடம் இவ்வளவாயின், மணல் ஏற்றிச் செல்லும் டிப்பரின் மறைவிடம் எவ்வளவு! சாரதி உயரத்திலே இருக்கின்றார். அவருடைய முன்கண்ணாடிக்கு நேர் கீழே நிற்கும் துவிச்சக்கர வண்டிப் பிள்ளை அவருக்குத் தெரிவதில்லை. இடப்பக்கத்து முன் சில்லின் அருகும் அவ்வாறே. ஆரியகுளம் போன்ற சந்திகளிலே வாகனங்கள் தரித்து நிற்கும்போது, பெரிய வாகனத்துக்கும் வீதியோரத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியாற் புகுந்து முன்னே செல்லும் வழக்கம் நம்மிடையே மிகுதி. லொறி இடப்பக்கம் திரும்பத் தொடங்கினால், அதன் பின் சில்லுகள் முன் சில்லுகள் சென்ற தடத்திலே செல்வதில்லை; உட்புறமாக, ஓரத்தை அணைத்துக்கொண்டு வரும். முன்பகுதி விலகிச் செல்வதைக் கண்டு இடம் கிடைத்ததென்று மகிழ்பவர், அந்த இடத்தைப் பின் சில்லு வந்து நிரப்பும்போதே உண்மையை அறிவார். ஒளி சென்ற வழியே மீளும் என்னும் விதியை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். லொறியின் பக்கக் கண்ணாடியிலே சாரதியின் முகம் உங்களுக்குத் தெரிகின்றதா? தெரிந்தால் அவரும் உங்களைக் காண முடியும். கண்டார் என்பது வேறு விடயம். தெரியாவிடின் அந்தக் கண்ணாடியைப் பொறுத்தவரை நீங்கள் அவ்விடத்தில் இல்லை.

பின்னால் அமர்ந்து செல்வோரைப் பற்றியும் ஒரு சொல். சேலை உடுத்த பெண்கள் நம்மூரிலே இடப்பக்கம் நோக்கி ஒருபுறமாக அமர்வது வழக்கம். இடப்பக்கத்துப் பின்வெளி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சேலைத் தலைப்பைச் சில்லிற் சிக்காது செருகிக்கொண்டு, பஸ் வண்டி ஓரமாக நெருங்கினால் தோளிலே தட்டிச் சொல்லலாம். பெரும்பாலும் சொல்லவும் செய்கின்றனர். “பஸ் வருகுதப்பா, பொறுங்கோ” என்று அவர் சொல்ல, “எனக்குத் தெரியும், நீர் பேசாமல் இரும்” என்று இவர் சொல்வதைத் திருநெல்வேலிச் சந்தியிலே நின்று எவரும் கேட்கலாம். வலப்பக்கத்து மறைவிடமோ அவர்களுக்கும் தெரியாதது. அதனை ஓட்டுபவரே கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.