சிவப்பு எந்தப் பக்கம்?

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடது கைப்பக்கம் வரும், பச்சை வலது பக்கம். சரக்குக் கப்பல்களில் 28 வருடம் அதிகாரியாக இருந்த எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளில் இது தலைகீழ் என்று படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கப்பல்கள் போனதெல்லாம் வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஜனவரியில், பழைய சகா ஒருவரின் 12 மீட்டர் பாய்மரப் படகில் கரீபியனில் மார்ட்டினிக்கிலிருந்து செயின்ட் லூசியாவுக்குப் போனோம். இரண்டு தீவுகளுக்கும் நடுவில் 20 கடல் மைல் சொச்சம். கரையில் நின்றால் எதிர்த்தீவு தெரியும், அதனால் சுலபம் என்று தோன்றும். நடுவில் அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் வந்து மோதுகிறது. எங்கள் ஊரில் கொண்டல் என்போமே, அந்தக் கீழ்க்காற்று குளிர்காலம் முழுக்க விடாமல் அடிக்கும். நீரோட்டமும் மேற்கே இழுக்கும். போக வேண்டிய இடத்துக்கு நேராகப் படகின் மூக்கைத் திருப்பினால் அதற்கு மேற்கே போய்ச் சேருவீர்கள். கிழக்கே தள்ளித்தான் குறி வைக்க வேண்டும்.

பிஜன் தீவு இடப்பக்கம் கடந்தது. மார்ட்டினிக்கில் நின்ற பிரெஞ்சுக் கடற்படையை 1782-ல் ஆங்கிலேயத் தளபதி ராட்னி வேவு பார்த்த குன்று அது. அவர் பெயர்தான் விரிகுடாவுக்கு. சுமார் 250 படகுகள் நிற்கும் மெரினா உள்ளே உப்பங்கழியில் இருக்கிறது. அதற்குள் போக ஒரே ஒரு குறுகிய வாய்க்கால்.

சுக்கான் என் கையில். மிதவைகளைப் பார்த்ததும் என் கை தானாகத் திரும்பியது.

“மாமா, சிவப்பு வலப்பக்கம் வரணும்! வலப்பக்கம்!”

முன்தளத்திலிருந்து நண்பரின் மகள் கத்தினாள். இன்னும் இரண்டு படகு நீளம் போயிருந்தால் அடிக்கட்டை மணலில் ஏறியிருக்கும். எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டு, சிவப்பை வலது கையில் வைத்து உள்ளே போனோம். வெகுநேரம் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

ஏன் இப்படி இரண்டு விதமான மிதவை முறைகள்? 1971 ஜனவரியில் டோவர் நீரிணையில் டெக்சாகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல் மோதலில் மூழ்கியது. மறுநாளே பிராண்டன்பர்க் என்ற கப்பல் அதன் சிதைவில் இடித்து மூழ்கியது. சிதைவைச் சுற்றி அடையாளம் போட்ட பிறகும் பிப்ரவரியில் நிக்கி என்ற கப்பலும் அங்கேயே மூழ்கியது. மொத்தம் 51 உயிர். அப்போது உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. 1980-ல் நாடுகள் கூடி எல்லாவற்றையும் ஒன்றாக்கின. இந்தச் சிவப்பு பச்சை விஷயத்தில் மட்டும் யாரும் இறங்கி வரவில்லை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா ‘ஏ’ பகுதி. அமெரிக்கக் கண்டங்கள், கரீபியன், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ‘பி’ பகுதி. ஆண்டுதோறும் கேனரித் தீவுகளிலிருந்து 2,700 கடல் மைல் தாண்டி ஒரு கூட்டம் பாய்மரப் படகுகள் இதே ராட்னி விரிகுடாவுக்கு வருகின்றன. ‘ஏ’யில் புறப்பட்டு, மூன்று வாரத் தூக்கமின்மையோடு ‘பி’யில் நுழைகிறார்கள். இரவில் வந்தால் கரை விளக்குகளின் நடுவே மிதவை விளக்கு தெரியாது. நான் சொல்வது இதுதான்: வெளியே விரிகுடாவில் நங்கூரம் போடுங்கள், விடியட்டும்.

உள்ளே நுழைந்தபோது நாங்கள் வலப்பக்கம் மஞ்சள் கொடி ஏற்றியிருந்தோம். ‘இன்னும் அனுமதி பெறவில்லை’ என்று அதற்கு அர்த்தம். படகின் தலைவர் மட்டும் பாஸ்போர்ட்டுகளோடு சுங்கத்துக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கும் போய் வரும்வரை மற்றவர்கள் கரையில் கால் வைக்கக் கூடாது. இங்கே கரை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் மாதிரி. அமெரிக்காவிலிருந்து வரும் படகுகள் யோசிக்காமல் வயரைச் செருகினால் உள்ளே சில சாதனங்கள் கெட்டுப்போகலாம்.

இரண்டு நாள் கழித்துத் தெற்கே பித்தோன் மலைகளுக்குக் கிளம்பினோம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரட்டைச் சிகரங்கள். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மலை மறைவில் காற்று செத்துப்போகும், எஞ்சின்தான் துணை. பவளப்பாறை உடையும் என்பதால் அங்கே நங்கூரம் போட அனுமதி இல்லை. கட்டணம் செலுத்தி மிதவையில் கட்ட வேண்டும். அந்தத் தடையை நான் மனதார வரவேற்கிறேன். நங்கூரச் சங்கிலி ஒரு இரவில் சுழன்று அரைப்பதை மன்னாரில் பார்த்தவன் நான்.

பித்தோனுக்குக் கிளம்பிய அன்று காலை, மெரினாவில் கயிறு அவிழ்க்கும் முன் நண்பரின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமா, வெளியே போறப்போ சிவப்பு?”

“இடப்பக்கம்.”

“பச்சை?”

“வலப்பக்கம்.”

தலையாட்டிவிட்டு முன்தளத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.