சுங்க வரி ஏறினால் கார் விலை ஏறுமா? மைசூர் சொல்லும் பாடம்

1950-களில் மோட்டார் சைக்கிள் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. உடனே உள்ளூர்த் தயாரிப்புக்கு வழி பிறந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியைத் தயாரிக்க, மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை எழுந்தது. 1961-ல் உற்பத்தி தொடங்கிப் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. 1980-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு புது வண்டிகள் வந்தன. போட்டியில் தளர்ந்த தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது.

கார் வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டியது இதுதான்: 2025 பட்ஜெட்டுக்குப் பின், முழுதாக இறக்குமதியாகும் புதுக் காருக்கு அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம். 10 லட்ச ரூபாய்க் காருக்கு 7 லட்சம்! ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் காருக்கோ, இறக்குமதியாகும் பாகங்களுக்கு மட்டுமே சுங்க வரி. ஆகவே, "சுங்க வரி ஏறிவிட்டது" என்று விற்பனையாளர் விலையைக் கூட்டினால், எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள்.