கபாலத்தை எடுத்தது நாயா, பிக்குவா?

ஒரகடத்துல ஷிஃப்ட் முடிச்சு வாலாஜாபாத் வழியா பஸ் பிடிச்சா காஞ்சிபுரம். இன்னைக்குப் பேசப்போற நாடகம் நடக்கிறது அந்த ஊர்த் தெருவுலதான். பேரு ‘மத்தவிலாசப் பிரகசனம்’. 7-ஆம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் சமஸ்கிருதத்துல எழுதின காமெடி.

சத்தியசோமன்னு ஒரு காபாலிகர், கூட அவரோட துணை தேவசோமா. ரெண்டு பேருக்கும் செம போதை. சத்தியசோமனுக்குக் கற்பனை அதிகம். கள்ளுக்கடையே அவர் கண்ணுக்கு யாகசாலையாத் தெரியும். திடீர்னு பார்த்தா, பிச்சைப் பாத்திரமா வச்சிருந்த மண்டை ஓட்டைக் காணோம். அதுல வறுத்த கறி இருந்ததால, எடுத்தது ஒண்ணு நாய், இல்லன்னா பௌத்த பிக்குன்னு முடிவு பண்றார்.

கவனிங்க, சரியான விடை அவர் லிஸ்ட்லயே இருக்கு.

அந்த நேரம் பார்த்து நாகசேனன்ங்கிற பிக்கு, எதையோ ஆடைக்குள்ள மறைச்சபடி வர்றார். அவ்வளவுதான், நாயை மறந்துடுறாங்க. அவர் மறைச்சது தன்னோட பிச்சைப் பாத்திரத்தை. எடுத்துக் காட்டினாலும் நம்பல. நிறம் வேறயா இருக்கே? அதுக்கும் ஒரு விளக்கம் ரெடி. பஞ்சாயத்துக்கு வந்த பாசுபதர், நியாய சபைக்குப் போகலாம்னு சொல்றார். லஞ்சம் கொடுக்க மடத்துல பணம் இருக்கு, நம்மகிட்ட இல்லையேன்னு தேவசோமா மறுக்கிறாள். கடைசியில ஒரு பித்தர், நாய்கிட்ட இருந்து பிடுங்கின மண்டை ஓட்டோட வந்து நிக்கிறார்.

இதுல கற்பனை தப்பு செய்யல. நாயா இருக்கலாம்னு யோசிச்சதும் கற்பனைதானே? ஆனா அது ஒரே கதையில நின்னுடுச்சு. அதைச் சோதிக்க வேண்டிய அறிவு, அந்தக் கதைக்கு வக்கீலா மாறிடுச்சு. போதை தெளிஞ்சாலும் இது நடக்கும்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு பிளான்ட்ல பார்கோட் ஸ்கேனர் ஒண்ணு காணாம போச்சு. சார்ஜர்ல இருக்கலாம், இல்ல யாராவது எடுத்திருக்கலாம். அன்னைக்கு ஒரு கான்ட்ராக்ட் தம்பி அவசரமா கிளம்பினான். பையைத் திறக்கச் சொன்னோம். உள்ள டிபன் பாக்ஸ்தான் இருந்துச்சு. அப்பவும், வெளியில கொடுத்திருப்பான்னு நான்தான் சொன்னேன். ஸ்கேனர் எங்க ரூம் சார்ஜர்லயே இருந்துச்சு.

மறுநாள் ஸாரி கேட்டேன். “பரவால்ல சார்”னு சொன்னான். ஆனா அதுக்கப்புறம் எங்க டேபிள் பக்கம் அவன் வந்ததே இல்ல.

அடுத்த தடவை ஒருத்தர் மேல சந்தேகம் வந்தா, லிஸ்ட்ல இருந்த நாயை எப்போ அடிச்சோம்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.