பழைய ஆயில் எங்கே போகிறது?

திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்துக் கல்குவாரியில் ஓடும் ஹிட்டாச்சியை ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது ஆகிற காரியமில்லை. செயின் வண்டி மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் நகராது. டிரெய்லரில் ஏற்றினால் வாடகையோடு ஒரு நாள் வேலையும் போச்சு. அதனால்தான் மினி லாரியில் பேரல், பம்ப், ரீலில் சுற்றிய ஹோஸ் சகிதம் ஒர்க்‌ஷாப்பே மெஷினைத் தேடி வருகிறது. தூசி பறக்கும் இடத்தில் கேனைத் திறந்து ஊற்றாமல் ஹோஸ் வழியே ஏற்றினால் ஹைட்ராலிக் பம்பின் ஆயுளும் கூடும். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

என் கவலையெல்லாம் வெளியே வரும் ஆயிலைப் பற்றித்தான். இருபது டன் மெஷினின் இன்ஜினில் இருபது லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும். பெரும்பாலும் 250 அல்லது 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முறையான சர்வீஸ் வண்டியில் பழையதை உறிஞ்சி அடைக்கத் தனித் தொட்டி உண்டு. அது இல்லாத வண்டி வந்தால், மெக்கானிக் அடியில் படுத்து டிரெய்ன் நட்டைக் கழற்றுவார். வெட்டிய டின்னில் கருப்பாக, சூடாக இறங்கும். டின் நிரம்பி வழிந்தது ஜல்லித்தூளில் ஊறிப்போகும். மிச்சம் சென்ட்ரிங் பலகையில் பூசப் போகும்.

இந்தப் பக்கத்து மழைநீர் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944இல் கட்டிய அந்த ஏரியும் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஒரு காரில் ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஹிட்டாச்சியில் இறங்குவதோ அதைப்போல ஐந்து மடங்கு.

தொட்டி வைத்த வண்டிக்குச் செலவு அதிகம் என்பார்கள் தொழில் செய்பவர்கள். உண்மைதான். ஆனால் பழைய ஆயிலையும் விலைக்கு எடுக்க ஆள் இருக்கிறது. சுத்திகரித்தால் மறுபடி லூப் ஆயிலாகிறது. 2016ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகள் பழைய ஆயிலை அபாயக் கழிவு என்றே சொல்கின்றன. ஆயில் தயாரிப்பாளர்களும் குறிப்பிட்ட அளவு பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

குவாரிக்காரர்களே, சாலை கான்ட்ராக்டர்களே, அடுத்த சர்வீஸுக்குப் போன் போடும்போது ஒன்றைக் கேளுங்கள்: “பழசை எடுத்துப்போகத் தொட்டி இருக்கா?” இல்லையென்றால் அந்த வண்டியைக் கூப்பிடாதீர்கள்.