முட்டை கொடுப்பவரும் ஒரு நோயாளிதான்

பிள்ளை பிறந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "யார் ஜாடை?" டோனர் வழியாகக் குழந்தை பெற நினைக்கும் தம்பதி, சிகிச்சை தொடங்கும் முன்பே இதை நினைத்துக் கலங்குகிறார்கள். மரபணுவில் பாதி, முட்டையோ விந்தணுவோ கொடுத்தவருடையதுதான். பத்து மாதம் சுமந்தாலும் அது மாறாது. இதை மழுப்பாமல் முதல் நாளே சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

விந்தணு தானத்தில் கொடுப்பவருக்குப் பெரிய சிரமம் இல்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் பரிசோதனைகள் முடிந்ததும், மாதிரியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். பிறகு தேவைப்படும்போது, கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐயுஐ முறையிலோ, ஆய்வகத்தில் முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையிலோ பயன்படுத்துவார்கள்.

முட்டை தானத்தின் கதையே வேறு. இரண்டையும் 'தானம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. முட்டை கொடுக்கும் பெண் ஏறத்தாழ பத்து நாள் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இடையிடையே ஸ்கேன். முட்டைகள் முதிர ஒரு கடைசி ஊசி. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியே ஊசி செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்கும் நிலைகூட வரும்.

பெறும் பெண்ணுக்கு இதே காலத்தில் மாத்திரைகளால் கருப்பையின் உட்சுவரைத் தடிமனாக்குவார்கள். ஆய்வகத்தில் உருவான கருவை மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் உள்ளே வைப்பார்கள். வெற்றி வாய்ப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது முட்டையின் வயதுதான், கருப்பையின் வயதல்ல. அதனால்தான் மாதவிலக்கு சீக்கிரமே நின்றவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் முட்டைகளை இழந்தவர்களுக்கும் முட்டை தானம் கைகொடுக்கிறது. ஆனால் 45 வயதில் சுமப்பது 45 வயது உடம்புதான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் டோனரின் வயதைப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரு தானங்களையும் ஒழுங்குபடுத்துகிறது. முட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35. வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஊசி போட்டால் எத்தனை வளரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே இந்த ஏழு என்ற எண் மருத்துவர்கள் பலருக்குக் கசக்கிறது. விந்தணு கொடுப்பவருக்கு வயது 21 முதல் 55. ஒரு டோனரின் முட்டையையோ விந்தணுவையோ ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. அக்காள் மகளைக் கட்டும் ஊரிலும், அண்ணன் தங்கை என்று தெரியாமலே இருவர் மணம் முடித்துவிடக் கூடாதல்லவா? பிறக்கும் குழந்தை சட்டப்படி தம்பதியின் குழந்தையே; கொடுத்தவருக்கு எந்தப் பெற்றோர் உரிமையும் இல்லை.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்பவர்கள் 2022-இல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை நினைத்துப் பார்க்கலாம். 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பல முறை முட்டை எடுக்க வைத்திருந்தார்கள். வழக்கு வெளிவந்தபோது சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.

சிகிச்சைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையும், டோனரை ஏற்பாடு செய்யும் முட்டை வங்கியும் பதிவு பெற்றவையா என்று கேட்டுவிட வேண்டும். டோனருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்த சான்றையும் கேட்கலாம். அதற்குப் பணம் கட்டுவது தம்பதிதான்.